சோறு சாப்பிடுபவர்களுக்கு சீலியாக் வருமா? சிங்கப்பூரில் யார், எப்போது, எப்படிப் பரிசோதித்துக்கொள்வது

முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: ரத்தப் பரிசோதனை முடியும்வரை கோதுமையை நிறுத்தாதீர்கள். சீலியாக் (கோதுமை போன்றவற்றின் புரதத்தால் உடல் தன் சிறுகுடலையே தாக்கும் நோய்) இருக்குமோ என்ற சந்தேகம் வந்ததும் பலர் செய்வது அதைத்தான். சப்பாத்தியை விட்டதும் வயிறு லேசாகிறது, "கண்டுபிடித்துவிட்டோம்" என்று நிம்மதி வருகிறது. மூன்று மாதம் கழித்துச் சோதனைக்குப் போனால் ரத்தத்தில் ஒன்றும் தெரிவதில்லை. நோய் இல்லாததால் தெரியவில்லையா, கோதுமையை விட்டதால் தெரியவில்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. பிறகு மறுபடியும் வாரக்கணக்கில் கோதுமை சாப்பிட்டு, பட்ட அவதியையே திரும்பப் பட வேண்டும். இந்த வழிகாட்டியின் மற்றப் படிகள் எல்லாம் இதற்குப் பிறகுதான்.

நோய் என்ன செய்கிறது

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள புரதத் தொகுதிக்குக் குளூட்டன் என்று பெயர். மைதா மாவைப் பிசைந்து ஊறவைத்தால் ரப்பர் போல இழுபடுகிறதே, பரோட்டா மாஸ்டர் காற்றில் வீசினாலும் கிழியாமல் விரிகிறதே, அந்த இழுவையைத் தருவது இதுதான். மரபணு வாய்ப்புள்ள சிலரின் உடல் இந்தப் புரதத்துக்கு எதிராகக் கிளம்பி, அதோடு நில்லாமல் தன் சிறுகுடலின் உட்சுவரையே தாக்குகிறது. அங்கே விரல்விரலாக நிற்கும் குடலுறிஞ்சிகள் தேய்ந்து தட்டையாகின்றன. இரும்பு, ஃபோலேட், கால்சியம், வைட்டமின் டி ஆகியவை உள்ளே போக வழி குறுகிவிடுகிறது.

இது ஒவ்வாமை கிடையாது. ஒவ்வாமைக்காகத் தோலில் குத்திப் பார்க்கும் சோதனையில் சீலியாக் தெரியாது. நூறு உணவுகளுக்கு ஒரே ரத்தத்துளியில் 'சகிப்பின்மை' பார்க்கும் தொகுப்புச் சோதனைகளாலும் இதைக் கண்டறிய முடியாது. அவற்றுக்குப் பணம் செலவிடாதீர்கள்.

எத்தனை பேருக்கு இருக்கிறது

உலக அளவில் தொகுத்த ஆய்வுகளின்படி, ரத்தப் பரிசோதனையில் சீலியாக் அறிகுறி காட்டுபவர்கள் சுமார் 1.4 விழுக்காடு. குடலிலிருந்து திசு எடுத்து உறுதிப்படுத்தப்பட்டவர்கள் 0.7 விழுக்காடு. ஆண்களைவிடப் பெண்களிடம் அதிகம். பின்லாந்தில் 1978-80க்கும் 2000-01க்கும் இடையே விகிதம் 1.05இலிருந்து 1.99 விழுக்காடாக ஏறியது. இருபது ஆண்டுகளில் ஒரு நாட்டின் மரபணு மாறிவிடாது. மாறியது சூழல்.

நமக்கு நெருக்கமான எண்கள் இந்தியாவில் இருக்கின்றன. 2016இல் வெளிவந்த ஓர் ஆய்வில் வடக்கு, வடகிழக்கு, தெற்கு என மூன்று வட்டாரங்களில் 23,331 ஆரோக்கியமான பெரியவர்களின் ரத்தத்தைச் சோதித்தார்கள். வடக்கில் 1.23 விழுக்காட்டினருக்கும் வடகிழக்கில் 0.87 விழுக்காட்டினருக்கும் சீலியாக்கைக் காட்டும் எதிர்ப்பொருள் (தாக்குதலுக்காக உடல் தயாரிக்கும் புரதம்) இருந்தது. தெற்கில் 0.10 விழுக்காடுதான், அதாவது ஆயிரத்தில் ஒருவர். இதைப் பார்த்ததும் "நம் ரத்தத்திலேயே இது இல்லை" என்று தோன்றும். ஆனால் அதே ஆய்வு மரபணுவையும் பார்த்தது. சீலியாக்குக்கு வாய்ப்புத் தரும் மரபணு வடக்கில் 38.1 விழுக்காட்டினரிடமும் தெற்கில் 36.4 விழுக்காட்டினரிடமும் இருந்தது. ஏறத்தாழ ஒன்றுதான். பெரிய வித்தியாசம் தட்டில் இருந்தது: வடக்கில் ஒருவர் ஒரு நாளைக்குச் சாப்பிட்ட கோதுமை 455 கிராம், தெற்கில் 25 கிராம்.

கோதுமையின் அளவு மட்டுமே காரணம் என்று முடித்துவிடவும் முடியாது. வடகிழக்கில் 37 கிராம்தான் சாப்பிட்டார்கள், எதிர்ப்பொருள் இருந்தவர்களின் அளவோ தெற்கைப்போல் எட்டு மடங்குக்கு மேல். வேறு காரணங்களும் இருக்கின்றன. ஆனாலும் ஒன்று தெளிவு: தமிழர் உடலில் நோய்க்கான மரபணு வாய்ப்பு குறைவில்லை, இதுவரை நம்மைக் காத்ததில் சோற்றுக்கும் பங்கு உண்டு.

சிங்கப்பூரில் அந்தச் சோறு எங்கே போனது என்று பாருங்கள். காலையில் காயா ரொட்டி அல்லது பரோட்டா, பள்ளி உணவகத்தில் மீ, மாலையில் பிஸ்கட், சர்க்கரை நோய்க்குப் பயந்து இரவில் சப்பாத்தி. தாத்தா வேலூரில் ஒரு வாரத்தில் சாப்பிட்ட கோதுமையைப் பேரன் இங்கே ஒரே நாளில் சாப்பிட்டுவிட முடியும். அண்டை நாடான மலேசியாவில் 562 ஆரோக்கியமான இளையர்களைச் சோதித்தபோது 1.25 விழுக்காட்டினரின் ரத்தத்தில் எதிர்ப்பொருள் இருந்தது. மலாய்க்காரர், சீனர், இந்தியர் மூன்று சமூகத்தினரும் அவர்களில் இருந்தனர்.

அப்படியானால் எல்லாரையும் சோதித்துவிடலாமே?

இத்தாலி அந்த வழியில் போகிறது. 1 முதல் 17 வயது வரையிலான பிள்ளைகளுக்கு முதல் வகைச் சர்க்கரை நோயையும் சீலியாக்கையும் நாடளவில் பரிசோதிக்க 2023இல் சட்டமே இயற்றியது. அமெரிக்காவின் தடுப்புச் சேவைப் பணிக்குழுவோ 2017இல், அறிகுறி இல்லாதவர்களைச் சோதிப்பதால் வரும் நன்மை தீமையை எடைபோடப் போதிய சான்று இல்லை என்றது. சிங்கப்பூரின் தேசிய உடல்நலப் பரிசோதனைத் திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு, சில புற்றுநோய்கள் உண்டு, சீலியாக் இல்லை.

இன்றைய நிலையில் சிங்கப்பூருக்கு இதுவே சரி என்பது எங்கள் கருத்து. காரணம் எளிய கணக்குதான். சீலியாக் எதிர்ப்பொருளைத் தேடும் டிடிஜி-ஐஜிஏ (tTG-IgA) என்ற ரத்தப் பரிசோதனை, நோயுள்ள 100 பேரில் சுமார் 93 பேரைப் பிடிக்கும். நோயில்லாத 100 பேரில் 98 பேரைச் சரியாக விட்டுவிடும், 2 பேரைத் தவறாகப் பிடிக்கும். கேட்கப் பிரமாதமாக இருக்கிறது. 10,000 பேரிடம் போட்டுப் பாருங்கள்.

நோய் 1 விழுக்காட்டினருக்கு இருந்தால், 100 நோயாளிகளில் 93 பேர் அகப்படுவார்கள். மீதி 9,900 பேரில் 198 பேரும் தவறாக அகப்படுவார்கள். ஆக, 'பாசிட்டிவ்' என்று சொல்லப்படும் 291 பேரில் மூவரில் ஒருவருக்குத்தான் நோய். தென்னிந்திய அளவான 0.1 விழுக்காட்டை வைத்தால் 9 பேர் உண்மை, 200 பேர் வீண் கவலை. அந்த 200 பேரும் வாய்வழியே குழாய் விட்டுக் குடலைப் பார்க்கும் உள்நோக்குக் குழாய்ச் சோதனைக்குப் போக வேண்டும், அதுவரை தூக்கம் கெட வேண்டும்.

அதே சோதனையைச் சீலியாக் நோயாளிகளின் நெருங்கிய ரத்த உறவுகளிடம் செய்தால் படமே மாறுகிறது. அவர்களில் சுமார் 7.5 விழுக்காட்டினருக்கு நோய் இருக்கும். 10,000 உறவினரில் 698 பேர் உண்மையாக அகப்படுவார்கள், 185 பேர் தவறாக. அகப்பட்ட ஐவரில் நால்வருக்கு நோய் இருக்கும். சோதனை ஒன்றுதான். யாரிடம் செய்கிறோம் என்பதுதான் அதற்கு மதிப்பைத் தருகிறது.

படி 1: நீங்கள் பட்டியலில் இருக்கிறீர்களா

அறிகுறி இல்லாவிட்டாலும் சோதிக்க வேண்டியவர்கள்: பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகளில் எவருக்காவது சீலியாக் இருப்பவர்கள், முதல் வகைச் சர்க்கரை நோய் உள்ளவர்கள், டவுன் சிண்ட்ரோம் அல்லது டர்னர் சிண்ட்ரோம் உள்ளவர்கள். தைராய்டைத் தன் உடலே தாக்கும் நோய் உள்ளவர்களையும் சேர்த்துக்கொள்ளலாம்.

அறிகுறியை வைத்துப் பார்த்தால், வயிற்றுப்போக்கும் மெலிவும் மட்டும் அடையாளமில்லை. மாத்திரை சாப்பிட்டும் ஏறாத இரும்புச்சத்து, வயதுக்கு முந்திய எலும்புத் தேய்வு, காரணம் தெரியாமல் உயர்ந்திருக்கும் ஈரல் நொதிகள், பிள்ளைகளிடம் நின்றுபோன உயரம், பெரியவர்களிடம் ஆறாத வாய்ப்புண், முழங்கை முழங்காலில் கடுமையாக அரிக்கும் கொப்புளங்கள் எல்லாமே சீலியாக்காக இருக்கலாம்.

ரத்தசோகை விஷயத்தில் நம் பெண்கள் கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டும். சைவ உணவு, மாதவிடாய் இரண்டையும் காரணம் சொல்லி ஆண்டுக்கணக்கில் இரும்பு மாத்திரையோடு விட்டுவிடுவது சாதாரணமாக நடக்கிறது. இந்த வட்டாரத்தில் தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் குறைபாட்டின் கூறும் பரவலாக உள்ளது. அதிலும் சிவப்பணுக்கள் சிறுத்துத் தெரியும். எனவே ஹீமோகுளோபினை மட்டும் பார்த்து முடிவெடுக்காமல், உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினையும் பார்க்கச் சொல்லுங்கள். ஃபெரிட்டின் குறைவு, ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டும் ஏறவில்லை என்றால் சீலியாக் சோதனை கேட்பதற்கு அதுவே போதும்.

மறுபக்கமும் உண்டு. தே தாரே குடித்து அரை மணி நேரத்தில் வயிறு உப்பினால் சந்தேகம் முதலில் பாலின் லாக்டோஸ் மீது போகட்டும். தமிழ்ப் பெரியவர்கள் பலருக்கு அது செரிப்பதில்லை. சர்க்கரை நோய் மாத்திரையான மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்களுக்கு வரும் வயிற்றுப்போக்குக்கு அந்த மாத்திரையே காரணமாக இருக்கலாம். கோதுமை சாப்பிட்டதும் வரும் உப்புசம்கூட, பல நேரம் குளூட்டனால் வராமல் கோதுமையில் உள்ள மாவுச்சத்து வகை ஒன்றால் வருகிறது.

படி 2: சோதனைக்கு முன் ஆறு வாரம்

பிரிட்டிஷ் வழிகாட்டுதல், ஒரு நாளில் ஒன்றுக்கு மேற்பட்ட வேளையில் குளூட்டன் உணவு, அதுவும் குறைந்தது ஆறு வாரம் என்கிறது. நாள்தோறும் கோதுமை சாப்பிடுபவர்களுக்கு இதில் வேலையே இல்லை. சிக்கல் நம் வீடுகளில்தான். காலையில் இட்லி, மதியம் சோறு, இரவில் மீண்டும் தோசை, வாரம் ஒரு முறை பரோட்டா என்றிருப்பவருக்குச் சோதனை பொய்யாக 'இல்லை' என்று காட்டக்கூடும்.

30 கிராம் ஆட்டாவில் செய்த ஒரு சப்பாத்தியில் ஏறத்தாழ 2.5 கிராம் குளூட்டன் இருக்கும். ஒரு துண்டு ரொட்டியில் சுமார் 2 கிராம். காலையில் இரண்டு துண்டு ரொட்டி, இரவில் ஒரு சப்பாத்தி என்று ஆறு வாரம் சாப்பிட்டால் போதும். நாள்காட்டியில் தொடங்கும் நாளைக் குறித்துவைத்துவிட்டு, ரத்தம் கொடுக்கும் நாளை அதற்குப் பிறகு பதியுங்கள். கோதுமையை ஏற்கெனவே நிறுத்தியவர்கள், குறிப்பாக அதைச் சாப்பிட்டால் கடுமையாக அவதிப்படுபவர்கள், மருத்துவரிடம் சொல்லிவிட்டே தொடங்க வேண்டும். தாங்க முடியாதவர்களுக்கு ஒரு நாளைக்கு 3 கிராம் குளூட்டன், இரண்டு வாரம் என்ற சுருக்க முறையும் உண்டு. மரபணுச் சோதனையை முதலில் செய்து, சீலியாக்குக்கு வாய்ப்புத் தரும் மரபணு இல்லை என்று வந்தால் இந்த வேதனையையே தவிர்த்துவிடலாம்.

படி 3: என்ன கேட்பது

வழக்கமாகப் பார்க்கும் குடும்ப மருத்துவரிடமோ பலதுறை மருந்தகத்திலோ தொடங்குங்கள். அரசாங்க மருத்துவமனையின் நிபுணரிடம் உதவித்தொகைக் கட்டணத்தில் போகப் பரிந்துரைக் கடிதம் பலதுறை மருந்தகத்தில் கிடைக்கும். 'ஆசியர்களுக்கு இது அரிது' என்ற பதில் வரலாம். வாதம் வேண்டாம். ஒரு தாளில் மூன்று வரி எழுதிக் கொண்டுபோங்கள்: உங்கள் காரணம் ("என் அக்காவுக்குச் சீலியாக் உறுதியாகியிருக்கிறது" அல்லது "எட்டு மாதம் இரும்பு சாப்பிட்டும் ஃபெரிட்டின் ஏறவில்லை"), இப்போது நாளுக்கு எத்தனை வேளை கோதுமை சாப்பிடுகிறீர்கள் என்பது, கேட்கும் சோதனைகள்.

சோதனைகள் இரண்டு. டிடிஜி-ஐஜிஏ, அதோடு மொத்த ஐஜிஏ. இரண்டாவதை விட்டுவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. முதல் சோதனை ஐஜிஏ வகை எதிர்ப்பொருளைத் தேடுகிறது. சீலியாக் நோயாளிகளில் 2 முதல் 3 விழுக்காட்டினரின் உடல் ஐஜிஏவையே சரியாக உற்பத்தி செய்வதில்லை. அவர்களுக்கு டிடிஜி-ஐஜிஏ பெரும்பாலும் 'இல்லை' என்றுதான் வரும். மொத்த ஐஜிஏ மிகக் குறைவாக இருந்தால், அதாவது லிட்டருக்கு 0.2 கிராமுக்குக் கீழே என்றால், ஐஜிஜி வகைச் சோதனைக்கு மாற வேண்டும்.

இதற்கு வெறும் வயிறு தேவையில்லை. கட்டணத்தையும் முடிவு வர எத்தனை நாளாகும் என்பதையும் ரத்தம் எடுக்கும் முன் கேட்டுவிடுங்கள்.

படி 4: முடிவைப் படிப்பது

டிடிஜி இயல்பு, மொத்த ஐஜிஏ இயல்பு, கோதுமையும் போதிய அளவு சாப்பிட்டிருக்கிறீர்கள்: பெரும்பாலும் சீலியாக் இல்லை. அறிகுறி பலமாக இருந்தால் மட்டும் நிபுணர் மேலே பார்ப்பார்.

வரம்பைச் சற்றே தாண்டிய எண், மேலே கணக்கில் பார்த்த வீண் கவலைக் கூட்டமாக இருக்கலாம். பயப்படவும் வேண்டாம், கோதுமையை நிறுத்தவும் வேண்டாம். ஆய்வகத்தின் மேல்வரம்பைப்போல் பத்து மடங்குக்கு மேல் போனால் நோய் இருப்பது ஏறத்தாழ நிச்சயம். பிள்ளைகளுக்கு அந்த நிலையில், இரண்டாவதாக எடுத்த ரத்தத்தில் ஈஎம்ஏ என்ற எதிர்ப்பொருளும் இருந்தால், திசு எடுக்காமலே நோயை உறுதிசெய்யலாம் என்று ஐரோப்பியக் குழந்தை மருத்துவ வழிகாட்டுதல் 2020இல் சொன்னது. எண்ணை மட்டும் கேட்டுக்கொண்டு வராமல் ஆய்வக அறிக்கையின் நகலையே வாங்கி வையுங்கள். ஆய்வகத்துக்கு ஆய்வகம் வரம்பு மாறும். 60 என்பது ஓரிடத்தில் லேசான உயர்வு, இன்னோரிடத்தில் பல மடங்கு.

சீலியாக்குக்கு வாய்ப்புத் தரும் டிகியூ2, டிகியூ8 வகைகளைத் தேடும் மரபணுச் சோதனையைத் தவறாகப் புரிந்துகொள்பவர்கள் அதிகம். அந்த மரபணு பொதுமக்களில் 30 முதல் 40 விழுக்காட்டினரிடம் இருக்கிறது. அவர்களில் மிகச் சிலருக்கே நோய் வருகிறது. ஆகவே 'இருக்கிறது' என்றால் அதற்குப் பெரிய பொருள் இல்லை. 'இல்லை' என்றால்தான் மதிப்பு: சீலியாக் ஏறத்தாழ அறவே இல்லை.

படி 5: குடலைப் பார்ப்பது

பெரியவர்களுக்குப் பொதுவாக உள்நோக்குக் குழாய் வழியே முன்சிறுகுடலிலிருந்து திசு எடுத்துத்தான் உறுதிசெய்வார்கள். வலி நிவாரணத்தோடும் மயக்கத்தோடும் செய்யப்படும் பகல்நேரச் சிகிச்சை. மெடிசேவில் எவ்வளவு எடுக்கலாம் என்று முன்பே விசாரியுங்கள்.

இங்கே தவறு நடப்பது எண்ணிக்கையில். சேதம் திட்டுத்திட்டாக இருக்கும். ஒன்றிரண்டு துணுக்கு எடுத்தால் நல்ல பகுதியே அகப்பட்டு, நோய் இல்லை என்று அறிக்கை வரக்கூடும். முன்சிறுகுடலின் தொடக்கக் குமிழிலிருந்து ஒன்றோ இரண்டோ, அதற்கு அப்பாலிருந்து குறைந்தது நான்கு எடுக்க வேண்டும். "சீலியாக்குக்காகப் பார்க்கிறோம்" என்று படிவத்தில் எழுதப்பட்டிருக்கிறதா எனக் கேளுங்கள், நோயியல் நிபுணர் அதை வைத்தே தேடுவார்.

குடலுறிஞ்சிகள் தட்டையானதெல்லாம் சீலியாக் ஆகிவிடாது. ஜியார்டியா ஒட்டுண்ணி, வெப்பமண்டல நாடுகளில் வரும் ஸ்புரூ என்ற குடல் நோய், ஓல்மெசார்டன் என்ற ரத்த அழுத்த மாத்திரை ஆகியவையும் அதே கோலத்தைக் காட்டும். அண்மையில் ஊருக்குப் போய்வந்திருந்தாலும், அந்த மாத்திரை சாப்பிட்டாலும் சொல்லிவிடுங்கள். ரத்தத்தில் எதிர்ப்பொருள் இல்லாமல் குடல் மட்டும் தட்டையாக இருந்தால் இவற்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

படி 6: உறுதியானால் சமையலறையில்

சோறு, இட்லி, ஆப்பம், இடியாப்பம், கேழ்வரகு, கம்பு, எல்லாப் பருப்பும் உங்களுக்கு உரியவை. தமிழ்ச் சமையல் இந்த நோய்க்கு மிகவும் தோதானது. இடறுவது எதிர்பாராத இடங்களில்.

பெருங்காயத் தூளை எடுத்துப் பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படியுங்கள். தூய பெருங்காயம் நெடி மிக்கது என்பதால் மாவு கலந்தே விற்கிறார்கள். அந்த மாவு பல தயாரிப்புகளில் கோதுமை மாவு. சாம்பார், ரசம், ஊறுகாய், வடை என வீட்டில் தொட்டதெல்லாம் அதனால் கெடும். அரிசி மாவு கலந்ததும் கிடைக்கிறது. தேக்காவில் வாங்கும்போது பெயரைப் பார்க்காமல் உள்ளடக்கத்தைப் பாருங்கள்.

மைலோவிலும் ஹார்லிக்ஸிலும் பார்லி மால்ட் இருக்கிறது. சாதாரண சோயா சாஸில் கோதுமை உண்டு, ஆகவே அரிசி நூடல்ஸானாலும் வறுத்த பீஹூன் தப்பாது. சைவ உணவுக் கடைகளில் வாத்து, கோழி என்று விற்கும் போலி இறைச்சி பல சமயம் குளூட்டனையே திரட்டிச் செய்தது. ரவா தோசை, கேசரி வேண்டாம். சாதா தோசையிலும் ஒரு பிரச்சினை: கோப்பிக்கடையில் பரோட்டா போட்ட அதே கல்லில் சுடுவார்கள். கல் வேறா என்று கேளுங்கள், ஒன்றுதான் என்றால் இட்லிக்கு மாறிவிடுங்கள்.

கடைப் பொருள்களில், குளூட்டன் உள்ள தானியங்கள் சேர்ந்திருந்தால் சிட்டையில் அறிவிக்க வேண்டும் என்பது சிங்கப்பூர் உணவு விதி. உலக அளவிலான 'குளூட்டன் இல்லாதது' தரம், கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மிகாதது. உணவியல் நிபுணரிடம் பரிந்துரை கேட்டுப் பெறுங்கள். தொடக்கத்தில் ஃபெரிட்டின், பி12, ஃபோலேட், வைட்டமின் டி, தைராய்டு பார்த்து, ஆறாம் மாதமும் பன்னிரண்டாம் மாதமும் டிடிஜியைத் திரும்பச் சோதித்தால் எண் இறங்கிவருவது தெரியும். இறங்காவிட்டால் பெருங்காயம் போன்ற ஏதோ ஒன்று இன்னும் உள்ளே போய்க்கொண்டிருக்கிறது என்று தேடுங்கள்.

படி 7: வீட்டாரை அழைத்துப் போவது

ஒருவருக்கு உறுதியானால் உடன்பிறந்தவர்களில் சுமார் 8.9 விழுக்காட்டினருக்கும், பிள்ளைகளில் 7.9 விழுக்காட்டினருக்கும், பெற்றோரில் 3 விழுக்காட்டினருக்கும் நோய் இருக்கும் என்பது தொகுப்பாய்வுகளின் கணக்கு. அக்கா தங்கையரிடம் இன்னும் அதிகம், ஏழு பேரில் ஒருவர். வீட்டில் ஒருவருக்காக எல்லாரும் குளூட்டனை நிறுத்திவிடும் பாசம் இங்கே கெடுதலாக முடியும். முதலில் எல்லாரும் ரத்தம் கொடுங்கள், அதற்குப் பிறகு சமையலை மாற்றுங்கள்.

பிள்ளைகள் ஓராண்டாவது குளூட்டன் சாப்பிட்டிருந்தால், இரண்டு மூன்று வயதிலிருந்து சோதிக்கலாம். இன்று இல்லை என்பது நாளைக்கும் இல்லை என்றாகாது. அதனால் மரபணுச் சோதனையை ஒரு முறை செய்துவிடுவது நல்லது. டிகியூ2, டிகியூ8 இரண்டுமே இல்லாத பிள்ளைக்கு மறுபடி ஊசி வேண்டாம். ஏதாவது ஒன்று இருக்கும் பிள்ளைக்கு இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒரு முறை டிடிஜி. இடையில் உயரம் நின்றாலோ சோர்வு தட்டினாலோ தவணைக்குக் காத்திருக்காமல் உடனே. சென்னையிலோ ஜொகூரிலோ இருக்கும் உடன்பிறப்புகளுக்கு உங்கள் அறிக்கையின் படத்தை அனுப்பிவையுங்கள். அங்கே மருத்துவரிடம் காட்ட அது ஒன்றே போதும்.